முழுங்கின காசு

பிணம் கழுவும் கூடத்தின் கண்ணாடிக் கதவை மன்சூர் அறைந்து சாத்தினானா, காற்றில் அதுவாகச் சாத்திக்கொண்டதா என்பது நாஹித்துக்கு இப்போது நிச்சயமாகத் தெரியவில்லை. அன்று காற்று அடித்ததாகத்தான் நினைவு. ஆனால் அது வேறொரு சாவில், அம்மாவின் சாவில் அடித்த காற்றாகவும் இருக்கலாம். கதவு அதிர்ந்ததும், உள்ளே தண்ணீர் விழும் சத்தம் சட்டென்று நின்றுபோனதும் மட்டும் சந்தேகமில்லாமல் நினைவிருக்கிறது.

அண்ணன் மன்சூர் சட்டைக் கையை முழங்கை வரை மடித்திருந்தான். கையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"நிறுத்தச் சொல்லிட்டேன்" என்றான்.

"எதை?"

"அப்பாவைக் கழுவுறதை."

"பாதியில நிறுத்தறதுக்கு அது என்ன, காரா?"

அவன் மனைவி பரீவஷைப் பார்த்தான். அவள் பேரீச்சம்பழத் தட்டைக் கறுப்புச் சாதர்ப் போர்வைக்குள் அணைத்தபடி நின்றிருந்தாள். வருகிறவர்களுக்கு நீட்ட வேண்டிய தட்டு. வந்தவர்கள் எல்லாரும் பக்கத்துப் பிணத்துக்கு வந்தவர்களாக இருந்தார்கள்.

"நான் ஞாபகம் வந்ததைத்தான் சொன்னேன்" என்றாள் பரீவஷ். "போன்ல மாமா அன்னிக்கு அப்படித்தானே சொன்னாரு. காசை முழுங்கியாச்சுன்னு. நீங்கதான் யாருக்கு வித்தீங்கன்னு கத்தினீங்க. வித்ததா இல்லாம, நிஜமாவே முழுங்கியிருந்தா?"

மூன்று நாளாக நாஹித் ஒருத்தி மட்டும் சுமந்துகொண்டிருந்த விஷயத்தை, இந்த அண்ணி பேரீச்சம்பழத் தட்டோடு நின்றபடி ஒரு வாக்கியத்தில் எட்டிப் பிடித்துவிட்டாள்.

ஏனென்றால் அப்பா அதை நிஜமாகவே விழுங்கியிருந்தார். தண்ணீர் கொடுத்தவள் நாஹித்.

*

அது பாரசீக மன்னன் நாதிர் ஷாவின் அஷ்ரஃபி. அவர்கள் ஊரான மஷ்ஹதிலேயே அடித்த தங்கக் காசு, சட்டைப் பொத்தானை விடக் கொஞ்சம் பெரியது. அப்பா ஹபீபுல்லா புனிதத் தலத்துக்குப் போகும் தெருவில் கடிகாரக் கடை வைத்திருந்த காலத்தில், ஒரு துர்க்மென் பெண்ணின் தலைப்பட்டையில் தைத்திருந்த வெள்ளிக் காசுகளுக்கு நடுவே அதைக் கண்டெடுத்து வாங்கினார். விளிம்பில் வளையம் பற்றவைத்த தழும்பு ஒன்று உண்டு. மற்றபடி எழுத்து ஒன்றுகூடத் தேயவில்லை. பழைய பாக்கெட் கடிகாரத்தின் பெட்டியில், நீல வெல்வெட்டின் மேல் அது கிடந்தது.

அதில் ராஜாவின் முகம் கிடையாது. எழுத்துதான். இடைய வீட்டில் பிறந்து, படை நடத்தி, முகான் சமவெளியில் கூட்டத்தைக் கூட்டி முடி சூட்டிக்கொண்டவன் நாதிர். அந்த வருடத்தைக் காசில் பொறிக்க ஒரு வாக்கியம் கட்டினார்கள். 'அல்-கைர் ஃபீ மா வகஅ.' நடந்ததில் நன்மை இருக்கிறது என்று பொருள். அரபியில் ஒவ்வோர் எழுத்துக்கும் உள்ள எண்ணைக் கூட்டினால் முடி சூட்டிய ஆண்டு வரும். அரண்மனைக்கு வெளியே இருந்த குறும்புக்காரர்கள் முதல் இரண்டு எழுத்துகளை மட்டும் இடம் மாற்றினார்கள். 'லா கைர் ஃபீ மா வகஅ.' நடந்ததில் நன்மை ஏதுமில்லை. கூட்டினால் அதே ஆண்டு.

அப்பாவுக்கு இது தீராத விளையாட்டு. வீட்டில் எது நடந்தாலும், "முதல் வாசிப்பா, ரெண்டாவது வாசிப்பா?" என்று கேட்பார். மன்சூர் டெஹ்ரானில் வேலை கிடைத்துப் போனபோது முதல் வாசிப்பு என்றார். நாஹித் கல்யாணம் முறிந்து பெட்டியோடு வந்து நின்றபோதும், கதவைத் திறந்துகொண்டே, "முதல் வாசிப்புன்னு வச்சுக்கோ" என்றார். அவள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நேராகச் சமையலறைக்குப் போய்த் தேநீருக்கு நீர் வைத்தாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் நீர் வைத்தது எப்போதும் அவள்தான்.

"நாதிருக்குக் கடைசியில என்ன ஆச்சு?" என்று ஒருமுறை எரிச்சலில் கேட்டாள்.

"பெத்த பிள்ளையோட கண்ணைப் பிடுங்கினான். அப்புறம் சொந்த ஆளுங்களே கூடாரத்துல வெட்டிட்டாங்க."

"அப்போ ரெண்டாவது வாசிப்புதான் சரி."

"அது அப்புறம் தெரிஞ்சது. காசு அடிக்கும்போது தெரியாதே."

இப்படிப்பட்ட மனிதரோடு வருடக்கணக்கில் ஒரே கூரையின் கீழ் இருப்பது என்னவென்று மன்சூருக்குத் தெரியாது. அவன் காலை ரயிலில் வருவான், மாலை ரயிலில் போவான். போன தடவை ஷூவைக்கூடக் கழற்றவில்லை. கம்பளத்தின் ஓரத்தில் நின்றபடியே அப்பாவின் தலையை எட்டி முத்தமிட்டான். அந்தக் கம்பளத்தையே அப்பா அன்று முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் போன் வந்தது. மகள் ஷீவாவுக்குக் கல்யாணம், சீர்ப் பொருள் வாங்க வேண்டும், டெஹ்ரானில் ஒரு காசு சேகரிப்பவர் அஷ்ரஃபியைக் கேட்கிறார், எப்படியும் எனக்கென்று நீங்கள் சொன்னதுதானே, வெள்ளிக்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றான் மன்சூர். அப்பா, "வாப்பா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். சின்ன வயதில் அந்தக் காசின் எழுத்துகளை விரல் விட்டுக் கூட்டிச் சரியாகச் சொன்னவன் மன்சூர். அன்றே, "இது உனக்குத்தான்" என்று அப்பா சொன்னது உண்மை. நாஹித்தும் அப்போது பக்கத்தில் இருந்தாள். அவளுக்குக் கூட்டல் வரவில்லை.

"நாதிர் ஷா இந்தியாவையே ஜெயிச்சான்" என்றார் அப்பா, போனைப் பார்த்தபடி. "கடைசியில ஃபிரிட்ஜா மாறப் போறான்."

அன்று சாயங்காலம் மாத்திரை நேரம். அப்பா மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒளித்து, பிறகு பூந்தொட்டியில் துப்புகிறவர். அதனால் விழுங்கியதும் வாயைத் திறந்து காட்ட வேண்டும் என்பது நாஹித் போட்ட சட்டம். அவர் எதையோ வாயில் போட்டுக்கொண்டு தண்ணீருக்குக் கை நீட்டினார். அடுப்பில் சோறு அடிப்பிடிக்கிற வாசனை வந்துகொண்டிருந்தது. அவள் தம்ளரை அவர் உதட்டில் வைத்தாள். தங்கத்தின் விளிம்பு ஒரு நொடி பல்லில் பட்டு மின்னியதைப் பார்த்தாள். பார்த்து, அது என்னவென்று புரிவதற்குள் தொண்டை ஏறி இறங்கிவிட்டது. அவர் சட்டப்படி வாயைத் திறந்து காட்டினார். நாக்கைத் தூக்கியும் காட்டினார்.

"அப்பா, என்ன பண்ணீங்க?"

"முழுங்கிட்டேன்."

"எதுக்கு?"

"இப்ப வந்து எடுத்துக்கட்டும். எப்படியும் வெளிய வந்துதானே ஆகணும். நாலு நாள் ஆகும். உக்காந்து காத்திருக்கட்டும்."

"வெளிய வந்தா அதை யாரு எடுக்கறது?"

"நீதான்" என்றார். அதில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

நாஹித் கீழே மருந்துக் கடைக்குப் போய், குழந்தை காசு முழுங்கினால் என்ன செய்வது என்று கேட்டாள். தானாக வந்துவிடும், பேரீச்சம்பழம் கொடுங்கள் என்றார்கள். யார் குழந்தை என்றும் கேட்டார்கள். ரப்பர் கையுறை ஒன்று வாங்கிக்கொண்டு மாடியேறினாள். அப்பா அதற்குள் மன்சூருக்குத் தானே போன் போட்டு விஷயத்தைச் சொல்லி, அவன் கத்துவதைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்து ரசித்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு கையுறையோடு அவள் பட்டதைச் சொல்ல வேண்டாம். காசு வரவில்லை. "அவசரப்படாதே, நாதிர் முற்றுகை போட்டா மாசக்கணக்கா உக்காருவான்" என்றார் அப்பா, கட்டிலில் காலை ஆட்டிக்கொண்டு. அவள் கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள், துக்கத்தில் அல்ல.

வியாழன் விடியற்காலையில் அவர் எழுந்திருக்கவில்லை. இதயம், என்றார் டாக்டர். எழுபதைத் தாண்டிய இதயம், எப்போதோ நிற்க வேண்டியது என்றார்.

மன்சூர் வெள்ளிக்கு வர வேண்டியவன் வியாழன் மதியமே வந்தான். அப்பாவின் நெற்றியில் முகத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே கிடந்தான். அவன் முதுகு குலுங்குவதைப் பார்த்தபோது, அவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் நாஹித் நினைத்தாள். தேநீர் கொண்டுவரப் போனாள். திரும்பி வந்தபோது அவன் அலமாரிக்கு முன் நின்றிருந்தான். கையில் நீல வெல்வெட் பெட்டி திறந்து கிடந்தது.

"நாஹித். காசு எங்கே?"

அவள் வாயைத் திறந்தாள்.

"நீ முழுங்கிட்டியா?"

திறந்த வாய் மூடிக்கொண்டது. அந்தச் சொல்லுக்கு அப்புறம் உண்மையைச் சொன்னால் அது பதிலாக இருக்காது, குத்தலாகத்தான் இருக்கும். நான் இல்லை, அப்பாதான் முழுங்கினார் என்றால், செத்தவர் மேல் பழியைப் போடுகிறாள் என்பான். அவள் தேநீர்த் தட்டைக் கீழே வைத்தாள். சர்க்கரைக் கட்டி ஒன்று உருண்டு கம்பளத்தில் விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

*

இப்போது கல்லறைத் தோட்டத்தில், கழுவும் கூடத்து வாசலில், மன்சூர் மார்க்கப் பெரியவரைக் கூட்டிக்கொண்டு வந்தான். ஜலதோஷம் பிடித்த மனிதர். தலைப்பாகைக்குக் கீழே கண்கள் சிவந்திருந்தன. அவருக்குப் பின்னால் இன்னும் பிணங்கள் காத்திருந்தன. காத்திருக்கிறவர்களின் எரிச்சலும் காத்திருந்தது.

"சீக்கிரம் சொல்லுங்க" என்றார் மூக்கைத் துடைத்தபடி.

"ஹாஜி ஆகா, எங்கப்பா வயித்துல ஒரு தங்கக் காசு இருக்கு. பழைய காசு. ரொம்ப மதிப்பு. அதை எடுத்துட்டு அடக்கம் பண்ணலாமா?"

"வயித்துல எப்படிப் போச்சு?"

"முழுங்கிட்டாரு."

"யார் சொன்னது?"

"அவரே போன்ல சொன்னாரு. காசை முழுங்கிட்டேன்னு."

பெரியவர் கைக்குட்டையை மடித்தார். "என் மச்சினனும்தான் என் காசை முழுங்கினான். நாலு பேருக்கு முன்னாடி சொல்லவும் செய்யறான். அவன் வயித்தை அறுக்கச் சொல்லட்டுமா?"

"இது அப்படி இல்ல, ஹாஜி ஆகா. நிஜமாவே—"

"தம்பி, கேளுங்க. முழுங்கினது உறுதின்னா, அது வாரிசுகளோட சொத்து, அதுக்கு வழி இருக்கான்னு பெரிய இடத்துல கேட்கலாம். ஒருத்தர் கூடும்பார், ஒருத்தர் கூடாதும்பார். ஆஸ்பத்திரிக்கு எழுதணும், ரெண்டு மூணு நாள் ஆகும். ஆனா உறுதி வேணும். சந்தேகத்தை வச்சுக்கிட்டு ஒரு மையித் உடம்பு மேல கத்தி வைக்க முடியாது. முழுங்கினதைக் கண்ணால பார்த்தவங்க யாராவது இருக்காங்களா?"

மன்சூர் மெதுவாகத் திரும்பினான்.

"வீட்டுல கூட இருந்தது இவதான்."

பெரியவர் நாஹித்தைப் பார்க்காமல், அவள் காலடித் தரையைப் பார்த்துக் கேட்டார். "சகோதரி, நீங்க பார்த்தீங்களா?"

கண்ணாடிக் கதவின் ஓரமாக, உள்ளே கல் மேடையின் ஒரு மூலை தெரிந்தது. வெள்ளைத் துணிக்கு வெளியே அப்பாவின் பாதம். நகம் வளர்ந்திருந்தது. போன வாரமே வெட்ட வேண்டும் என்று நினைத்து மறந்தது. பாதத்தின் மேல் இன்னும் நீர் சொட்டு நின்றது. பாதி கழுவிய மனிதர்.

பார்த்தேன் என்றால் அவள் தப்பித்துவிடுவாள். வெல்வெட் பெட்டியைக் காலிசெய்தது அப்பாதான் என்று மன்சூருக்குப் புரியும். அவரைக் கொண்டுபோய் ஒரு மேஜையில் கிடத்துவார்கள். கிழிப்பார்கள், தேடுவார்கள், தைப்பார்கள். பார்க்கவில்லை என்றால் அப்பா இன்றே முழுசாகப் போய்ச் சேருவார். காசை எடுத்தவள் என்ற பெயர் அவளுக்கு. நடுவில் வேறு வழி எதையும் அந்தக் கிழவர் விட்டுவைக்கவில்லை. செத்துப்போயும் ஒரு வேலையை அவள் தலையில் கட்டிவிட்டுக் காலை நீட்டிக் கிடக்கிறார். அவளுக்கு அவரை எழுப்பி உட்காரவைத்து நாலு வார்த்தை கேட்க வேண்டும் போலிருந்தது.

"மாத்திரை முழுங்கினதைத்தான் பார்த்தேன்" என்றாள். "காசைப் பார்க்கலை."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"பார்க்கலை, ஹாஜி ஆகா."

பெரியவர் அப்போதுதான் நிமிர்ந்து ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்தார். தும்மல் வந்தது. தும்மி முடித்து, மன்சூரின் தோளைத் தட்டி, "கழுவி முடிங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

உள்ளே மறுபடி தண்ணீர் விழ ஆரம்பித்தது.

மன்சூர் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துவிட்டான். மடித்த சட்டைக் கை இன்னும் இறங்கவில்லை. பரீவஷ் தட்டை அவனிடம் நீட்டினாள். அவன் வேண்டாம் என்று தலையசைத்தான். அவள் யாருக்கும் கொடுக்காமல் தானே ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"அப்போ நீதான்" என்றான் மன்சூர். குரலில் கோபம்கூட இல்லை. "ஷீவா கல்யாணத்துக்குன்னு தெரிஞ்சும்."

நாஹித் சாதரின் விளிம்பைப் பல்லில் கடித்துக்கொண்டாள்.

"கேட்டிருந்தா நானே உனக்குப் பாதி கொடுத்திருப்பேன். நீ அவரைப் பார்த்துக்கிட்டே, எனக்குத் தெரியாதா? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

அவளும் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவன், தரையைப் பார்த்தபடியே, "அவர் இருந்தா இதுக்கு எந்த வாசிப்புன்னு சொல்லியிருப்பாரு?" என்றான். கேள்வி அவளுக்குத்தானா என்று தெரியவில்லை. பக்கத்துப் பிணத்தின் உறவினர்கள் ஒரே குரலில் அழத் தொடங்கினார்கள். அது அடங்கும்வரை இருவரும் காத்திருப்பதைப் போல உட்கார்ந்திருந்தார்கள்.

வெள்ளைத் துணியில் சுற்றி அப்பாவை இமாமின் தலத்துக்குக் கொண்டுபோய், மஷ்ஹத்காரர் எல்லாரையும் போலச் சுற்றிவர வைத்து, தொழுகை முடித்து, திரும்பக் கொண்டுவந்தார்கள். குழிக்குள் இறங்கியது மன்சூர்தான். பெரியவர் மேலே நின்று ஓத ஓத, அவன் அப்பாவின் தோளைப் பிடித்து அசைத்தான். கேள், புரிந்துகொள் என்று இறந்தவருக்குச் சொல்லும் இடம் அது. ஒவ்வொரு தடவை அசைக்கும்போதும் உள்ளே ஏதாவது சத்தம் கேட்டுவிடுமோ என்று நாஹித்துக்கு ஒரு பைத்தியக்காரப் பயம் வந்தது. கேட்கவில்லை. மன்சூர் முறைப்படி அசைத்ததற்கு மேலும் அசைத்துக்கொண்டிருந்தான். "போதும், மேல வாங்க" என்று பெரியவர் கை கொடுத்தார்.

அன்று மாலை ரயிலுக்கு மன்சூர் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. ஏழாம் நாள் சடங்கு வரை இருந்தான். ஷூவைக் கழற்றி அலமாரிக்குள் வைத்துவிட்டு வீடு முழுக்கத் தேடினான். அரிசி மூட்டையைக் கவிழ்த்துப் பார்த்தான். பூந்தொட்டிகளைக் கிளறினான், மக்கிப்போன மாத்திரைகள் கிடைத்தன. அப்பாவின் கட்டிலில் படுத்தான். அவள் சமைத்ததைச் சாப்பிட்டான். வந்தவர்கள், பிள்ளை என்றால் இப்படி இருக்க வேண்டும், அப்பா போன பிறகும் வீட்டை விட்டு அசையவில்லை என்றார்கள். நாஹித் அவர்களுக்கு அல்வா நீட்டினாள்.

ஷீவாவின் கல்யாணம் அடுத்த வருடம் நடந்தது. சீர்ப் பொருளை மன்சூர் கடன் வாங்கி வாங்கினான். நாஹித்துக்கு அழைப்பு வந்தது, அவள் போகவில்லை. டெஹ்ரான் சேகரிப்பாளர் வேறு ஒருவரிடமிருந்து வேறு ஒரு நாதிர் காசை வாங்கிவிட்டார், அதில் வளையத் தழும்பு இல்லையாம். பரீவஷ் பெருநாளுக்குப் போன் செய்கிறாள். பேசும்போது பக்கத்தில் மன்சூர் இருமுவது கேட்கும். அவன் வாங்கிப் பேசுவதில்லை. அவனுக்கு இப்போது சர்க்கரை நோய், மாத்திரை சாப்பிடுகிறான். ஜலதோஷக்காரப் பெரியவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார்.

நாஹித் அதே வீட்டில் இருக்கிறாள். வியாழக்கிழமை பிற்பகல்களில் பேருந்தில் கல்லறைத் தோட்டத்துக்குப் போகிறாள். கல்லின் மேல் தண்ணீர் ஊற்றித் துடைக்கிறாள். எல்லாரும் செய்வதைப்போல, வந்திருப்பதைத் தெரிவிக்க ஒரு கூழாங்கல்லால் கல்லைத் தட்டுகிறாள். மற்றவர்களைவிடக் கொஞ்சம் பலமாகத் தட்டுகிறாள். பக்கத்துக் கல்லறைக்கு வருகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.